துணியின் நிறமும் திரையின் நிறமும்

பின்னலாடை விளம்பரப் படங்களுக்காகக் கணினியில் செய்யும் வேலைகளில் அடிப்படையானது, பொம்மையை மறைப்பது. சட்டையைப் பொம்மைக்கு மாட்டி ஒரு படம், உட்புறக் கழுத்துப் பகுதி தெரியும்படி இன்னொரு படம் எடுப்பார்கள். இரண்டையும் ஒட்டிப் பொம்மையை நீக்கிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒருவர் அணிந்ததுபோல் ஆடை நிற்கும். இணைய வணிகத்தில் இதற்கு ‘கோஸ்ட் மேனிகுவின்’ என்று பெயர். திருப்பூர் வட்டாரத்தில் ஃபேஷன் படிக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது. பென் டூலால் ஓரம் வெட்டுவது, மாஸ்க் போடுவது, இழந்த நிழலைத் திரும்ப வரைவது எல்லாம் இந்த ஒரு வேலையிலேயே கைக்கு வந்துவிடும். இதனால் யாரும் ஏமாறுவதும் இல்லை.

படத்தை மாற்றும் கலை கணினியோடு பிறந்ததல்ல. 1857இல் ஆஸ்கர் ரேலாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே பெரும் படத்தை உருவாக்கினார். நம்மூர் ஸ்டுடியோக்களில் நெகட்டிவ் மேல் பென்சிலால் ‘டச்சிங்’ செய்தவர்களும், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டியவர்களும் இதே தொழிலின் மூத்தவர்கள். நோல் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990இல் வெளிவந்தது. 1994இல் அதில் லேயர் வசதி சேர்ந்தது. மாணவருக்கு இந்த லேயர் பெரிய கொடை. மேலே எத்தனை மாற்றம் செய்தாலும் அடியில் மூலப்படம் பத்திரமாக இருக்கும். தவறிப்போனால் என்ற பயம் இல்லாமல் துணிந்து முயன்று பார்க்கலாம்.

கருவி பழகிய புதிதில் எல்லா மாணவர் கைகளும் ஒரே திசையில்தான் போகும்: பளபளப்பு, மினுக்கு, வழவழப்பு. சுருக்கத்தை எடுக்கப் போய்த் துணியையே எடுத்துவிடுவார்கள். சிங்கிள் ஜெர்சியின் நுண்ணிய கண்ணிகள், ரிப்பின் வரிகள், பிக்கேயின் தேன்கூட்டுப் பரப்பு எல்லாம் மங்கி, சட்டை பிளாஸ்டிக்காகத் தெரியும். துணியைக் கையில் எடுத்து, எந்தப் பின்னல், எத்தனை ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை), தையலில் எங்கே ஓவர்லாக், எங்கே பிளாட்லாக் என்று பார்த்தவர் இதைச் செய்யமாட்டார். மாணவரின் கற்பனை வளர்வதும் இந்த இடத்தில்தான். மென்பொருளின் புதிய பதிப்பைவிடத் துணியின் பழக்கமே அவரை முன்னால் கொண்டுபோகும்.

எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்கு, தைத்த ஆடையைச் சரிபார்க்கும் செக்கிங் மேசையே அளவுகோல். அங்கே பிசிறு வெட்டுகிறார்கள், கறையை எடுக்கிறார்கள், பிறகு அயர்ன் செய்து மடிக்கிறார்கள். இவற்றைத் திரையிலும் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஓரத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்து நிற்பது பின்னல் துணியின் குறை. அதை மேசையில் சரிசெய்ய முடியாது. திரையில் அதை நேராக்கினால், வாங்குபவர் கைக்குப் போவது வேறு சட்டை.

நிறத்தின் கதை இன்னும் நுட்பமானது. நொய்யல் கரையில் உள்ள சாமளாபுரத்தின் விசைத்தறிகளில் நெய்யும் காடா துணிக்குப் பஞ்சின் மங்கலான வெண்மை மட்டுமே உண்டு. நிறம் பிறகு ஏறுவது. கிழக்கே திருப்பூரில் அந்த நிறத்துக்காகப் படும் பாடு பெரியது. பையர் கேட்ட ஷேடுக்கு நெருக்கமாகச் சாயமேற்றிய சிறு துணித் துண்டுகளை ஆய்வகம் தயாரித்து அனுப்பும். இதுவே லேப் டிப். பகல் ஒளிக்கு நிகரான டி65 விளக்கிலும் கடை விளக்கின் ஒளியிலும் அவற்றை லைட் பாக்ஸில் வைத்துப் பார்ப்பார்கள். ஓர் ஒளியில் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் இன்னோர் ஒளியில் பிரிந்துவிடலாம். ஒப்புதல் வந்த பின்புதான் மொத்தத் துணி சாயத்தில் இறங்கும்.

இத்தனை கவனத்தில் பிறந்த நிறம் திரையில் ஒரே இழுப்பில் மாறிவிடுகிறது. ஒரு சட்டையை மட்டும் படமெடுத்து, மற்ற நிறங்களைக் கணினியிலேயே உண்டாக்கிக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. ஒற்றை நிறத் துணியில் அது ஓரளவு பொருந்தும். பல நிற இழைகள் கலந்த மெலாஞ்ச் துணியில் பொருந்தாது. இழைகளின் கலப்பு மறைந்து சாயம் பூசியதுபோல் ஆகிவிடும். படமெடுக்கும்போதே சாம்பல் நிற அட்டையை வைத்து எடுப்பது, அளவுதிருத்திய மானிட்டரில் வேலை செய்வது, ஒப்புதல் பெற்ற துணியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது ஆகிய மூன்றும் ஒவ்வொரு வகுப்பறையிலும் பழக்கமாக வேண்டும்.

அணிபவரின் உடலுக்கு வந்தால் பொறுப்பு இன்னும் கனமாகிறது. 2011இல் ஹெச் அண்ட் எம் நிறுவனத்தின் இணையக் கடையில் வெவ்வேறு பெண்களின் முகங்கள் கணினியில் செய்த உடல்மீது பொருத்தப்பட்டிருந்தது வெளியே தெரிந்து கடும் கண்டனம் எழுந்தது. விளம்பரத்தில் மாடலின் உடலை மெலியவோ பருக்கவோ வைத்தால், அது திருத்திய படம் என்று குறிப்பிட வேண்டும் என்ற விதி 2017 அக்டோபர் முதல் பிரான்சில் நடப்பில் உள்ளது. இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். கருத்த நிறத்தவரை அழகற்றவராகவோ தாழ்ந்தவராகவோ காட்டக்கூடாது என்று விளம்பரத் தர மன்றம் 2014இலேயே நெறி வகுத்தது. அந்த நெறி தொடர்ந்து நினைவூட்டப்பட வேண்டிய நிலையில்தான் நம் விளம்பரங்கள் இருக்கின்றன.

இன்று ஒரு வரி எழுதினால் செயற்கை நுண்ணறிவே மாடலையும் பின்னணியையும் தந்துவிடுகிறது. எனவே, முடிந்த படத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவது மாணவருக்கு நீதியாகாது. திருப்பூர், கோவை வட்டார ஃபேஷன் கல்லூரிகள் மாணவரின் தொகுப்பை மதிப்பிடும்போது மூலப்படத்தையும், லேயர்கள் கலையாத கோப்பையும், படத்தில் உள்ள அந்தச் சட்டையையும் சேர்த்தே மேசைமேல் வைக்கச் சொல்ல வேண்டும்.