லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர்

கரூர், நாமக்கல் பாடி கட்டும் பட்டறைகளுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும்,

பெட்ரோலில் ஓடும் பெரிய அமெரிக்க மோட்டார்ஹோம் லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கொடுத்தால் அதில் பழுது எதுவும் இல்லை என்று பொருள். நான்கு கொடுத்தால் அதை ஓட்டுபவருக்கு நிதானம் உண்டு என்று பொருள். அந்த நாட்டில் மைலேஜைக் காலனுக்கு இத்தனை மைல் என்று சொல்வார்கள். அமெரிக்க காலன் 3.785 லிட்டர், மைல் 1.609 கிலோமீட்டர், ஆகவே காலனுக்கு ஒரு மைல் என்பது லிட்டருக்கு 0.425 கிலோமீட்டர். பஸ் போல நெடுகக் கட்டிய ‘ஏ’ வகை வண்டிகள் காலனுக்கு 6 முதல் 10 மைல் போகும். வேனின் முகத்தை அப்படியே விட்டுப் பின்னால் வீடு கட்டிய ‘சி’ வகை 8 முதல் 12. வேனுக்குள்ளேயே படுக்கையையும் அடுப்பையும் அடக்கிய ‘பி’ வகை மட்டுமே 15-ஐ எட்டும், தாண்டும். நாமக்கல் லாரி பல மடங்கு சுமையோடு, டீசலில், ஏறக்குறைய ‘ஏ’ வகையின் மைலேஜையே தருகிறது. சுமையே இல்லாத வீட்டு வண்டி ஏன் இப்படிக் குடிக்கிறது என்ற கேள்விக்கு எஞ்சின், பாடி, வேகம் என்று மூன்று இடங்களில் விடை இருக்கிறது.

இந்த வண்டிகள் பிறக்கும் விதம் கரூருக்குப் புதியதல்ல. இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் ஊரும் அதைச் சுற்றியுள்ள பகுதியும்தான் இந்தத் தொழிலின் தலைநகரம்; அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி வின்னபேகோ கம்பெனியின் ஊர். சேசிஸ் ஒரு கம்பெனியிலிருந்து வரும், பாடி இன்னொரு பட்டறையில் ஏறும். பெட்ரோல் ‘ஏ’ வகையில் பெரும்பாலானவை ஃபோர்டின் எஃப்-53 சேசிஸின்மேல் கட்டப்படுகின்றன. வெறும் சட்டகம், ஆக்சில், எஞ்சின், ஸ்டியரிங் என்றுதான் அது வந்து நிற்கும், முகம்கூட இருக்காது. முழுச் சுமையோடு 11 டன்னுக்கும் மேல் தாங்கும் அளவுகளிலும் அது கிடைக்கிறது. ‘சி’ வகைக்கு அதே கம்பெனியின் இ-450, கேபினோடு வரும். ஒரு டேங்க் நிரப்ப எஃப்-53-க்கு 80 காலன், அதாவது 300 லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும்.

எஞ்சின் 7.3 லிட்டர், எட்டு சிலிண்டர், முழுக்கப் பெட்ரோல். 2020-ஐ ஒட்டி வந்த இந்த எஞ்சினுக்கு முன்பு 6.8 லிட்டர் பத்து சிலிண்டர் எஞ்சின் இருந்தது. டீசல் லாரியிலேயே வளர்ந்தவர்களுக்கு இவ்வளவு பெரிய பெட்ரோல் எஞ்சின் விந்தையாகத் தோன்றும். ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் ஆற்றல் உண்டு. டீசல் எஞ்சின் காற்றை மிக அழுத்தமாக நெரித்து எரிக்கிறது; பெட்ரோல் எஞ்சினை அவ்வளவு நெரித்தால் நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும். போதாததற்கு, பெட்ரோல் எஞ்சின் பாதி ஆக்சிலேட்டரில் ஓடும்போது உள்ளே போகும் காற்றை ஒரு தகடு மறித்து நிற்கிறது. அந்த மறிப்பை மீறி உறிஞ்சவே எஞ்சின் தன் உழைப்பில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. எரிந்த பெட்ரோலில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது.

இருந்தும் பெட்ரோல் விற்பதற்குக் காரணம் உண்டு. ஆண்டுக்கு 5,000 மைல் ஓடும் வண்டி காலனுக்கு 8 மைல் கொடுத்தால் 625 காலன் பெட்ரோல் ஆகும். டீசலில் 10 மைல் கிடைத்தால் 500 காலன். மிச்சமாகும் 125 காலனுக்காக, வாங்கும்போதே பல்லாயிரம் டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அங்கே டீசல் பெரும்பாலும் பெட்ரோலைவிட விலை அதிகம். மாதம் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் லாரிக்குச் சரியான கணக்கு, கோடையில் மட்டும் வெளியே வரும் வீட்டுக்குச் சரிப்படாது.

இந்த வண்டிகளுக்கு அரசாங்க மைலேஜ் சீட்டும் கிடையாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை காருக்குக் கண்ணாடியில் ஒட்டித் தரும் மைலேஜ் எண், மொத்தச் சுமை எடை 8,500 பவுண்டைத் தாண்டிய இத்தகைய வண்டிகளுக்குத் தேவையில்லை என்பது விதி. அது 3,855 கிலோ. மோட்டார்ஹோம் அனேகமாக எல்லாமே அதைத் தாண்டும். ஆகவே வாங்குபவருக்குக் கிடைப்பது விற்பவரின் வாய்ச்சொல்லும் பக்கத்து வண்டிக்காரரின் அனுபவமும்தான். ஒரு வீட்டின் விலைக்கு விற்கும் பொருளுக்கு இப்படி ஒரு குறை இருக்கக் கூடாது.

இனிக் காற்று. சக்கரத்துக்கு வந்து சேர்வதில் பெரும்பகுதி போவது இங்கேதான். இரண்டரை மீட்டர் அகலம், மூன்றரை மீட்டருக்கு மேல் உயரம் கொண்ட ஏ வகை வண்டி சுமார் எட்டரை சதுர மீட்டர் சுவரைக் காற்றுக்கு எதிரே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 9 டன் எடையுள்ள வண்டிக்குச் சாதாரணப் பெட்டி வடிவின் அளவுகளை வைத்துக் கணக்கிட்டால், மணிக்கு 55 மைலில், அதாவது 88 கிலோமீட்டரில், காற்று சுமார் 1,850 நியூட்டன் விசையோடு பின்னுக்குத் தள்ளுகிறது. டயர் உருள்வதற்கான எதிர்ப்பு சுமார் 700 நியூட்டன். 65 மைலில் டயரின் பங்கு ஏறக்குறைய அப்படியே நிற்க, காற்று 2,600-ஐ நெருங்குகிறது. 75 மைலில் 3,400-ஐத் தாண்டுகிறது. மைலேஜாக மாற்றினால் 55 மைல் வேகத்தில் லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர், 65-இல் 2.7, 75-இல் இரண்டுக்குச் சற்று மேல். நூறு மைல் பயணத்தை 55-க்குப் பதில் 65-இல் முடித்தால் 17 நிமிடம் மிச்சம். அதற்கு விலை 13 லிட்டர் பெட்ரோல்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்க அரசு கண்ட வழியும் வேகத்தைக் குறைப்பதே. 1974 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் நாடு முழுவதும் 55 மைல் வேக எல்லையைக் கொண்டுவந்தது. அது 1995 வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. ஜிஎம்சி தன் பெயர்பெற்ற மோட்டார்ஹோமைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அதே 1973-இல்தான். ஏழரை லிட்டர் எஞ்சின். ஆனால் முன்சக்கர இழுவை என்பதால் அடியில் நீளத் தண்டு இல்லை, தரை தாழ்ந்தது, கூரையும் கூடவே தாழ்ந்தது. வளைந்த முகத்தோடு இன்றும் அழகாக நிற்கும் அந்த வண்டியின் உற்பத்தி 1978-இல் நின்றது. அதற்குப் பின் வந்தவை பெரும்பாலும் மறுபடி நிமிர்ந்த பெட்டிகளே.

பெட்டி வடிவம் எவ்வளவு தின்கிறது என்பதையும் அந்த 1970-களிலேயே அளந்துவிட்டார்கள். கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானத்தளத்தில் இருந்த நாசா டிரைடன் மையத்தில் எட்வின் சால்ட்ஸ்மன் என்ற பொறியாளர் இருந்தார். சைக்கிளில் வேலைக்குப் போகும்போது கடந்துபோன லாரிகளின் காற்று அவரை முதலில் தள்ளியது, பின்பு இழுத்தது. அந்த அனுபவத்திலிருந்து எழுந்த ஆய்வில், ஒரு ஃபோர்டு வேனைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, செருப்புப் பெட்டிபோலக் கூர்முனைகளோடு ஓடவிட்டு எதிர்ப்பை அளந்தார்கள். பிறகு முனைகளை ஒவ்வொன்றாக உருட்டினார்கள். முன்னும் பின்னும் உள்ள செங்குத்து முனைகளை உருட்டியதும் காற்றெதிர்ப்பு 40 சதவீதம் குறைந்தது. உள்ளே இழந்த இடம் 1.3 சதவீதம் மட்டுமே. கிடை முனைகளையும் உருட்டியதும் 54 சதவீதம் குறைந்தது. இழந்த இடம் 3 சதவீதம். பாடி கட்டும் எந்தப் பட்டறையும் சுவரில் எழுதிவைக்க வேண்டிய எண்கள் இவை. தகட்டை வளைக்கும் கூலி ஒருமுறைதான். கூர்முனை தின்னும் எரிபொருளோ வண்டி உள்ளவரை. கேபினுக்கு மேலே படுக்கைக்காக நீட்டிய சி வகையின் நெற்றி, கூரையில் உட்காரும் ஏ.சி. பெட்டிகள், பக்கவாட்டில் சுருட்டித் தொங்கும் வெயில் மறைப்பு எல்லாம் அதே கணக்கில் ஏறுபவை.

எதிர்க்காற்று வேகமாகவே எண்ணப்பட வேண்டும். வயோமிங் மாநிலத்தில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே ஓடும் இன்டர்ஸ்டேட் 80 சாலை காற்றுக்காகவே அடிக்கடி மூடப்படுவது. அங்கே 60 மைலில் போகும் வண்டிக்கு எதிரே 20 மைல் காற்று வீசினால், காற்றின் விசை 80 மைலில் போவதற்குச் சமம். எதிர்ப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். அன்றைய மைலேஜ் சரிவுக்கு எஞ்சினைக் குறைசொல்லிப் பயனில்லை. விடியற்காலையில் காற்று எழுமுன் கிளம்புவதே அங்கே பழகியவர்களின் வழக்கம்.

சமதரையில் எடைக்கு நினைக்கும் அளவு பங்கில்லை. மைலேஜுக்காகத் தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்துவிட்டுப் புறப்படுபவர்கள் உண்டு. 70 காலன் தண்ணீர் 265 கிலோ. 9 டன்னில் அது மூன்று சதவீதம், அதுவும் டயரின் பங்கை மட்டுமே தொடும். மொத்தத்தில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. மலை வேறு. 9 டன்னை 1,000 மீட்டர் தூக்கச் சுமார் 10 லிட்டர் பெட்ரோல் தனியாக எரிய வேண்டும். டென்வர் நகரம் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 60 மைல் மேற்கே ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 3,401 மீட்டரில். அந்த ஏற்றத்துக்கு மட்டும் 17 லிட்டருக்கு மேல். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் சுமையேற்றி ஏறியவர்களுக்கு டேங்க் முள்ளின் இந்தச் சரிவு பழக்கமானதே. ஏறும்போது பெட்ரோல் எஞ்சின் 4,000 சுற்றையும் தாண்டிக் கத்தும். டீசலில் பழகிய காதுக்கு அது உடையப்போவதுபோல் ஒலிக்கும், ஆனால் அப்படி ஓடவே அது கட்டப்பட்டது. கவனிக்க வேண்டியது வேறு: ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சினின் சூட்டைத் தணிக்கக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றுகிறது. காலைச் சற்றுத் தளர்த்தி, ஐந்து மைல் வேகத்தை விட்டுக்கொடுத்து ஏறினால் அந்தக் கூடுதல் தவிரும்.

டயருக்கு ஏர் அடிப்பதில் அங்கே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. லாரி நிறுத்தங்களில் உள்ள வேபிரிட்ஜில் ஒவ்வொரு ஆக்சிலையும் தனித்தனியே எடைபோட்டு, டயர் கம்பெனியின் அட்டவணையில் அந்த எடைக்குரிய அழுத்தத்தைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது அடிப்பார்கள். மைலேஜைவிட உயிருக்கு அதிகம் தேவையான வழக்கம் அது. வண்டியின் பின்னால் ஒரு சிறு காரை இழுத்துப் போவதும் வீண் செலவல்ல. அது பெரிய வண்டியின் நிழலிலேயே வருவதால் சமதரையில் மைலேஜைச் சிறிதே குறைக்கும். போய்ச் சேர்ந்த ஊரில் பால் வாங்க 9 டன் வீட்டை எடுத்துப் போகும் தேவையை ஒழிக்கும்.

பெட்ரோலின் தரம் என்று பார்த்தால், அங்கே பங்க்குகளில் 87 என்று எழுதிய சாதாரணப் பெட்ரோலே இந்த எஞ்சின்களுக்குப் போதும். விலையுயர்ந்ததை ஊற்றினால் மைலேஜ் கூடாது. எத்தனாலில் பெட்ரோலைவிட லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பத்து சதவீதம் கலந்த அமெரிக்கப் பெட்ரோலில் ஆற்றல் சுமார் 3 சதவீதம் குறையும். இந்தியாவின் இருபது சதவீதக் கலப்பில் 6, 7 சதவீதம். மைலேஜைக் கூட்டும் என்று விற்கப்படும் காந்தங்கள், சொட்டு மருந்துகள் போன்றவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சோதித்திருக்கிறது. மிகச் சிலவே ஏதாவது பயன் தந்தன, அதுவும் சிறிதளவு.

மிச்சத்தை மதிப்பிடும்போது காலனுக்கு மைல் என்ற அளவு கண்ணை ஏமாற்றும். 1,000 மைலுக்கு 6 மைல் கொடுக்கும் வண்டி 167 காலன் குடிக்கும். அது 8-க்கு உயர்ந்தால் 125. மிச்சம் 42 காலன். 25 கொடுக்கும் கார் 50-க்கு உயர்ந்தால் 40 காலன் 20 ஆகும், மிச்சம் 20 மட்டுமே. குறைந்த மைலேஜ் உள்ள வண்டியில் கிடைக்கும் இரண்டு மைல், காரின் மைலேஜை இரட்டிப்பாக்குவதைவிட இரு மடங்கு பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

அளப்பதற்கு டேஷ்போர்டு எண்ணை நம்பக் கூடாது. அது பெரும்பாலும் கூட்டியே காட்டும். டேங்கை நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பி, ஊற்றிய அளவால் ஓடிய தூரத்தை வகுப்பதே முறை. 300 லிட்டர் டேங்க் ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு நிரம்பாது என்பதால் நான்கைந்து நிரப்பலைச் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும். பெட்ரோல் வண்டியின் ஜெனரேட்டரும் அதே டேங்கிலிருந்துதான் உறிஞ்சும், மணிக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர். வண்டி நடுக்காட்டில் நின்றுவிடாதபடி, கால் டேங்க் மிச்சமிருக்கையிலேயே ஜெனரேட்டரின் உறிஞ்சுகுழாய் முடிந்துவிடும். ஏ.சி.க்காக இரவு எட்டு மணி நேரம் அது ஓடியிருந்தால், மறுநாள் கணக்கிலிருந்து முதலில் 16 லிட்டரைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
எல்கார்ட் பக்கம் குடியேறிய ஒரு நாமக்கல்காரர்