தலைக்கணக்கும் பெயர்க்கணக்கும்

ஆண்டறிக்கைகளின் காலம் ஒன்று உண்டு. நிதியாண்டு முடிந்த சில மாதங்களில் பங்கு இல்லங்களின் மேசைமீது வழுவழுப்பான தாளில் அச்சிட்ட ஏடுகள் வந்து குவியும். அட்டையில் சிரித்த முகத்தோடு இளைஞர்கள், உள்ளே வண்ணப்படங்கள், கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்ட கணக்கு. நடத்திய முகாம்கள் இத்தனை, பயனடைந்தோர் இத்தனை ஆயிரம், அடுத்த மூன்றாண்டுகளில் எட்டப்போகும் சிற்றூர்கள் இத்தனை என்று எண்கள் அணிவகுத்து நிற்கும். அவற்றைப் படித்து முடிக்கும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுகின்றது. இத்தனை ஆயிரம் இளைஞர்கள் இத்தனை நலன்களைப் பெற்றிருந்தால், எலவனாசூர்கோட்டைப் பேருந்து நிறுத்தத்தில் விடியுமுன்பே தோளில் பையோடு வெளியூர் வேலைக்குப் புறப்பட்டு நிற்கும் பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள்? எந்த அறிக்கையின் எந்தக் கட்டத்தில் அவர்கள் இருக்கின்றார்கள்?

இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. இளைஞர் பணியில் ஈடுபட்டுள்ள நம் சங்கங்களும் மன்றங்களும் தலைகளை எண்ணுகின்றன. பெயர்களை எண்ண மறந்துவிட்டன. இம்மறதி வெறும் கணக்குப் பிழையன்று. மேய்ப்புப் பணியின் பிழை.

பிறரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தை அறிக்கையிடுவதே முறை. சில ஆண்டுகளுக்கு முன் நம் பொறுப்பில் ஒரு மாலைநேர வகுப்பு நடந்து வந்தது. அதில் ஒன்பதாம் வகுப்புப் படித்த பையன் ஒருவன். மாலை வகுப்பில் அவன் பெயர் இருந்தது. மருத்துவ முகாமில் கண் பரிசோதனைக்கு வந்தான். விளையாட்டு விழாவில் ஓடினான். மது ஒழிப்புப் பேரணியில் பதாகை பிடித்தான். ஆண்டு முடிவில் அறிக்கை எழுதியபோது நான்கு நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையையும் கூட்டிப் போட்டோம். ஒரே பையன் நான்கு பயனாளிகளாகப் பெருகினான். ஆனால் நாம் அந்த அறிக்கையில் கையொப்பமிட்ட நாளில் அவன் ஊரிலேயே இல்லை. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே படிப்பை விட்டு, அயல் மாநிலத்தில் ஒரு ரொட்டிக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். அதை அவன் தாய் வழியில் கண்டு சொன்னபோதுதான் நமக்குத் தெரிந்தது. அறிக்கையின் ஒவ்வொரு வரியும் உண்மை, மொத்தமோ பொய். அந்தப் பொய்க்கு நாமே பொறுப்பு.

ஏன் இப்படி எண்ணுகிறோம்? பணம் தருபவர் கேட்கின்றார் என்பதே எல்லாரும் சொல்லும் விடை. இதில் உண்மை இல்லாமலில்லை. 2020-ஆம் ஆண்டில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒரு சங்கம் பெற்ற வெளிநாட்டு நிதியை மற்றொரு சங்கத்துக்குக் கைமாற்றுவது தடைசெய்யப்பட்டது. நிர்வாகச் செலவின் வரம்பும் நூற்றுக்கு 50-லிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. பெரிய சங்கத்தின் நிழலில் வாழ்ந்த சிற்றூர் மன்றங்கள் உள்நாட்டு நிறுவனங்களின் வாசலை நாட வேண்டியதாயிற்று. 2013-ஆம் ஆண்டின் நிறுமச் சட்டத்தால் சமூகப் பொறுப்பு நிதி செலவிடக் கடமைப்பட்ட அந்நிறுவனங்களோ எண்களின் மொழியைத்தான் பேசும். ஆகவே நாமும் அம்மொழியைக் கற்றோம்.

ஆனால் சட்டத்தின்மேல் முழுப்பழியையும் போட்டுவிட்டுத் தப்பிக்க இயலாது. 2021-இல் வந்த விதிகளைப் படித்துப் பாருங்கள். ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் செலவிடக் கடமைப்பட்ட நிறுவனங்கள், 1 கோடி ரூபாய்க்குக் குறையாத தம் திட்டங்கள் விளைத்த பயனை வெளியார் ஒருவரைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று அவை சொல்கின்றன. அதுவும் திட்டம் முடிந்து ஓராண்டாவது கழிந்த பின்னரே அம்மதிப்பீடு நடைபெற வேண்டும். உலகின் சட்டம்கூட ஓராண்டு காத்திருக்கச் சொல்கின்றது. நாமோ முகாம் முடிந்த மாலையிலேயே, உணவுப் பொட்டலங்களை எண்ணி, "இத்தனை பேர் மாற்றம் பெற்றனர்" என்று எழுதிவிடுகிறோம். எந்த உழவன் விதைத்த மூட்டையை அறுவடையாகக் கணக்கெழுதுவான்? மக்காச்சோளம் போட்ட நம் ஊர் உழவரிடம் சென்று, இவ்வாண்டு எவ்வளவு கண்டீர் என்று கேளுங்கள். களத்துக்கு வந்ததைத்தான் அவர் சொல்வார்.

இந்தக் கணக்கிலிருந்து பிறப்பதுதான் விரிவாக்க வெறி. பத்துச் சிற்றூர்களில் கால் ஊன்றாத மன்றம் நாற்பதுக்குத் திட்டமிடுகின்றது. கல்வராயன் மலையும் அந்தத் திட்டத்தில் தவறாமல் இடம்பெறும். மலைவாழ் மக்களின் படம் அட்டைக்கு அழகு சேர்க்கிறதல்லவா? மாதத்துக்கு ஒருநாள் வண்டியேறி வெள்ளிமலை சென்று, பிள்ளைகளை வட்டமாக அமரவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, பொழுது சாயுமுன் கீழே இறங்கிவிட்டால் மலையை எட்டியாயிற்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2013-இல் எழுதிய 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்னும் திருத்தூது ஊக்கவுரையில், காலம் இடத்தைவிட உயர்ந்தது என்னும் கருத்தை விளக்கியுள்ளார். இடங்களைக் கைப்பற்றுவதைவிட, மெல்ல முதிரும் நிகழ்வுகளைத் தொடங்கிவைப்பதே மேல் என்பது அவர் காட்டும் நெறி. நம் விரிவாக்கத் திட்டங்களோ இடங்களைப் பிடிக்கும் திட்டங்களாகவே உள்ளன.

கூட்டம் சேர்வதையே வளர்ச்சியின் அளவுகோலாகக் கொண்டால் என்ன நேரும் என்பதை நம் மாவட்டம் 2022 சூலை 17 அன்று கண்டது. மாணவி ஒருவரின் மறைவை ஒட்டிக் கனியாமூரில் தனியார் பள்ளி ஒன்றின் முன் திரண்ட கூட்டம் பேருந்துகளுக்குத் தீ வைத்தது; பள்ளியைச் சூறையாடியது. கைப்பேசிச் செய்திகளே கூட்டம் சேர்த்தன. கைதான நூற்றுக்கணக்கானோரில் இளைஞர் பலர். அவர்களின் துயரத்தில் நீதிக்கான தாகம் இருக்கவில்லை என்று நாம் சொல்லோம். ஆயினும் தலைக்கணக்கு மட்டுமே அளவுகோலானால், எந்த இளைஞர் மாநாடும் அந்நாளை வெல்ல முடியாதே! திரட்டுவது எளிது. திரண்டவரை நிதானிக்கப் பழக்குவது ஆண்டுக்கணக்கான வேலை.

இன்னும் நெருக்கமான புண் ஒன்று உண்டு. நம் வட்டாரத்து எறையூரில் 2008 மார்ச் 9 அன்று நடந்ததை நாம் மறக்கலாகாது. தனிப்பங்கு கேட்ட தலித் கிறித்தவரின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். தாக்கியவரும் தாக்குண்டவரும் ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை இளைஞர் ஞாயிறுகளை நாம் கொண்டாடியிருப்போம்! வந்தோர் தொகையை ஒவ்வொரு முறையும் எழுதினோம். ஆனால் தெருவின் இருபுறத்துப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் அமர்ந்தார்களா, ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனார்களா என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இருந்ததாக நமக்கு நினைவில்லை. கேட்கப்படாத கேள்வி வளராத பயிர் போன்றதன்று. அது மண்ணுக்கடியில் பரவும் களை.

இவ்வளவும் சொன்ன பின், பக்திமான் சிலர் எழுந்து, "இதற்குத்தான் நாங்கள் எதையும் எண்ணுவதே இல்லை; பலனை ஆண்டவரிடம் விட்டுவிடுகிறோம்" என்று சொல்லக்கூடும். அன்பர்களே, நம் வழக்கு உங்கள்மீதும்தான். எண்ணாமை தாழ்ச்சியாகிவிடாது, பல நேரங்களில் அது சோம்பலின் மறுபெயர். திபேரியக் கடலோரம் வலையில் கிடைத்த மீன்கள் 153 என்று யோவான் நற்செய்தி எண்ணிச் சொல்கின்றது. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்றவர் நம் ஆண்டவர். நூறு ஆடுகளில் ஒன்று குறைந்ததை அந்த ஆயன் எப்படி அறிந்தான்? எண்ணியதால் அறிந்தான். பத்து வெள்ளிக் காசுகளில் ஒன்று தொலைந்ததை அந்தப் பெண் எப்படி அறிந்தாள்? எண்ணியதால் அறிந்தாள். தாவீதும்தான் எண்ணினான், வாளேந்தும் வீரர் இஸ்ரயேலில் 8 லட்சம், யூதாவில் 5 லட்சம் என்று யோவாபு கணக்குக் கொடுத்தான். அக்கணக்கு அரசனின் நெஞ்சையே உறுத்தியது. இருவகை எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்குகின்றது. தாவீது எண்ணியது தன்னிடம் உள்ளதைக் காட்டிக்கொள்ள. ஆயன் எண்ணியது காணாமற்போனதைத் தேட.

தேடுவதற்காக எண்ணும் கலை நம் திருச்சபைக்குப் புதிதன்று. திரெந்து பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டிலேயே, திருமுழுக்கின்போது ஞானப் பெற்றோரின் பெயர்களையும், மணமக்களின் பெயர்களையும் ஏட்டில் பதியுமாறு பங்குக் குருக்களைப் பணித்தது. 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல், குடும்பம் குடும்பமாக ஆன்மாக்களின் நிலையைக் குறிக்கும் தனி ஏட்டையும் வகுத்துக் கொடுத்தது. இன்றும் நம் பங்கு அலுவலகத்துத் திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஒருவர் பெயருக்கு எதிரே ஓர் ஓரம் விடப்பட்டிருக்கும். அவர் உறுதிப்பூசுதல் பெற்றாலோ, மணமுடித்தாலோ, குருவானாலோ, துறவற அவையில் இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தாலோ அவ்வோரத்தில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். மும்பையில் மணமுடித்தாலும் செய்தி திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு வந்து சேர வேண்டும். ஆண்டுகள் பல கடந்தும் ஒரே பெயரைப் பின்தொடரும் ஏடு இது! இப்படிப்பட்ட ஏட்டைப் பூட்டிய அலமாரியில் வைத்துக்கொண்டு, பயனை அளக்கத் தெரியவில்லை என்று பட்டணத்து ஆலோசகர்களிடம் கைகட்டி நிற்கிறோம்.

பெயரைப் பின்தொடரும் அளவீடு எத்தகைய நேர்மையைத் தரும் என்பதற்குத் தமிழகமே அண்மையில் சான்று தந்தது. பெருந்தொற்றுக்குப் பின், 2021 அக்டோபரில், 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. சிற்றூர்தோறும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தனர். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியல் அறிஞர் மூவர், தமிழகச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்து சோதித்தனர். பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள், இழந்த கற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மீண்டது என்று கண்டனர். அந்த மீட்சியில் மாலை வகுப்புக்கு உரியது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு என்றும் கணித்தனர். நான்கில் ஒரு பங்கு! நம் மன்றங்களில் ஒன்று அதே பணியைச் செய்திருந்தால் என்ன எழுதியிருப்போம்? முழு மீட்சியையும் நம் கணக்கிலேயே வரவு வைத்திருப்போம். பள்ளி ஆசிரியரின் உழைப்பும், தாயின் கண்டிப்பும், பிள்ளையின் முயற்சியும் நம் அறிக்கையில் காணாமற்போயிருக்கும். நட்டவர் தாம் என்றும், நீர் பாய்ச்சியவர் அப்பொல்லோ என்றும், விளையச் செய்தவர் கடவுளே என்றும் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதினார். தம் பங்கு எவ்வளவோ அவ்வளவை மட்டும் உரிமை கொண்டாடும் அந்தத் தாழ்ச்சியே நேர்மையான அளவீட்டின் முதல் விதி.

ஆகவே நாம் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு மன்றமும் ஒரு பெயரேடு தொடங்கட்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். வந்த நாள், அன்று அவனால் எதைப் படிக்க முடிந்தது, ஆறு மாதம் கழித்து எதைப் படிக்க முடிகின்றது, பள்ளியில் நீடிக்கின்றானா, வேலைக்குப் போனால் எங்கே, எந்தத் தெருவிலிருந்து வருகின்றான், யாரோடு பழகுகின்றான் என்பவற்றை அப்பக்கத்தில் குறிக்கட்டும். ஏடு பிள்ளைகளின் நலனுக்காக மட்டுமே. அது பொறுப்பாளரின் பூட்டுக்குள் இருக்கட்டும். அட்டைப் படத்துக்கும் அறிக்கைக்கும் அதிலிருந்து பெயர் போகவேண்டாம். சென்ற ஆண்டில் வந்தவருள் மூன்றில் இரு பங்கினரின் இன்றைய நிலையைச் சொல்ல முடியாத மன்றம், புதிய ஊர் ஒன்றிலும் பலகை மாட்டலாகாது. இதுவே நாம் முன்வைக்கும் வளர்ச்சித் திட்டம். எண்ணிக்கை குறையும், அறிக்கை மெலியும், நன்கொடையாளர் ஒருவரிருவர் முகம் சுளிக்கவும் கூடும். 32,000 பேரோடு புறப்பட்ட கிதியோனை ஆண்டவர் 300 பேரோடு நிறுத்தியதை அவர்களுக்கு நினைவூட்டுவோம்.

பொதுநிலையினரான உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். பங்குப் பேரவையில் அமர்பவர்களும், சங்கங்களின் ஆண்டுக் கூட்டத்தில் கைதட்டி வரவுசெலவை நிறைவேற்றுபவர்களும் நீங்களே. அடுத்த கூட்டத்தில் எண்கள் வாசிக்கப்படும்போது எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "சென்ற ஆண்டு வந்து, இவ்வாண்டு வராமற்போன பிள்ளைகளின் பெயர்கள் என்ன?" மேடையில் இருக்கும் குருவானவர் விடை தெரியாமல் தலைகுனியக்கூடும். தலைகுனியட்டும். நாமும் அப்படி ஒருமுறை, ஒரு தாயின் முன் தலைகுனிந்து நின்றோம். அன்றிரவே பெயரேட்டின் முதல் பக்கத்தில் அவள் மகனின் பெயரை எழுதினோம். அப்பக்கத்தின் ஓரம் இன்னும் வெறுமையாகவே உள்ளது. அது நிரம்பும்வரை அவனைத் தேடுவது நம் கடமை.