தொழில் மாற்றம் யார் செலவில்?

நம்மிடையே அண்மைக் காலத்தில் ஒரு புதிய உபதேசம் பரவியிருக்கிறது. சந்தைப்படுத்தல் துறையில் உழலும் இளைஞனை நோக்கி, நீ மென்பொருட் பொறியியலாளனாக மாறிவிடு, மாறாதிருப்பது உனது சோம்பலேயன்றி வேறில்லை என்கிறது அது. பட்டினத்துச் சந்திகளில் தொங்கும் பதாகைகளிலும் தனியார் கல்வி நிலையங்களின் துண்டுப் பிரசுரங்களிலும் கைத்தொலைபேசித் திரைகளிலும் இவ்வுபதேசம் ஓய்வின்றி ஒலிக்கிறது. ஆறு மாதப் படிப்பு, ஒரு சான்றிதழ், அதன்பின் டொலரிலே சம்பளம். இதனைக் கூறுவோர் தம்மை முற்போக்காளர் என்றே எண்ணிக்கொள்கின்றனர். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்ற பழைய யாழ்ப்பாணத்தாரைக் காட்டிலும் தாம் எத்தனையோ படி மேலானவர் என்பது அவர்தம் பெருமிதம்.

நாம் தொழில் மாற்றத்துக்கு விரோதிகளல்லர். பிறப்பினாலே தொழில் விதிக்கப்பட்ட சமுதாயம் நமது. தந்தையின் தொழிலை விட்டு மகன் வேறொன்றை நாடியதே இங்கு ஒரு போராட்டமாயிருந்தது. அப்போராட்டத்தின் பயனை நுகர்வோர் நாம். ஆதலின் ஒரு தொழிலை விட்டு விலகுபவனைப் பார்த்து இருந்த இடத்தில் இரு என்று கூற எவருக்கும் உரிமையில்லை. நாம் கேட்பது வேறு. இம்மாற்றம் யாருடைய தேவைக்காக நிகழ்கிறது? அதன் செலவைச் சுமப்பவர் யார்?

முதலில், அவன் எதனை விட்டு ஓடுகிறான் என்பதைப் பார்க்க வேண்டும். சந்தைப்படுத்தல் என்றதும் கொழும்பு விளம்பர நிறுவனங்களின் குளிரூட்டிய அறைகள் சிலருக்கு நினைவில் எழலாம். வடக்கிலும் கிழக்கிலும் அச்சொல் பெரும்பாலும் ஒரு மோட்டார் சைக்கிளையும் மாத இலக்கையுமே குறிக்கிறது. 2009இல் யுத்தம் முடிந்தபின் நிதிக் கம்பனிகள் இப்பகுதிகளில் விரைந்து கிளை பரப்பின. லீசிங், காப்புறுதி, நுண்கடன் ஆகியவற்றை வீடு வீடாகக் கொண்டுசென்றவர்கள் ‘சந்தைப்படுத்தல் உத்தியோகத்தர்’ என்ற பதவிப் பெயர் தாங்கிய நம் பிள்ளைகளே. காலையில் கடனை விற்பதும் மாலையில் தவணை அறவிடுவதும் அவர்களது உத்தியோகம். அக்கடன் எத்துணை பாரதூரமாயிற்று என்பதற்கு அரசாங்கமே சாட்சி: வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த, ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அது முன்வர நேர்ந்தது.

நம்மிடம் வர்த்தகப் பிரிவிற் கற்றுச் சிறந்த சித்தி பெற்ற ஒருவன் இத்தகைய கம்பனியொன்றில் நான்காண்டு உழைத்தான். “தவணை கேட்டுப் போற வீட்டில அந்த அம்மா, தம்பி இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டு சொல்லேக்க அவவின்ர முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு, சேர்” என்றான். இவ்வொரு வாக்கியம் போதும். அவனை நகர்த்தியது பேராசையன்று.

பொருளாதாரமும் அவனைத் தள்ளிற்று. 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென நமது அரசு அறிவித்தது. ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் சில மாதங்களுள் 360 ரூபா வரை சென்றது. ரூபாவிலே சம்பளம் பெற்றவனின் உழைப்பு அவன் கண்ணெதிரே கரைந்தது. அந்நியக் கம்பனிக்கு நிரல் எழுதியவன் ஓரளவு தப்பினான். இதைக் கண்ட இளைஞன் மென்பொருளை நாடுவது நியாயமான கணக்கு. ஆயின் அக்கணக்கைத் தனிமனித வீரம் என்று பாடுவது ஒரு மோசடி. தன் உழைப்புச் சக்தியை விற்பதற்கு வேறொரு சந்தையைத் தேடுகிறான், அவ்வளவே.

இன்னொரு சாராரையும் இங்கே குறிப்பிட வேண்டும். வர்த்தகம் படித்தவனுக்குக் கணினி மூளை ஏது என்று ஏளனம் செய்யும் பண்டிதர்கள் இவர்கள். க. பொ. த. சாதாரண தரம் முடிந்து பதினாறு வயதில் ஒரு பிள்ளை தெரிந்தெடுக்கும் பிரிவை, இவர்கள் புதிய குலமாக்கி வைத்திருக்கின்றனர். கணக்கீடு கற்ற மாணவன் இரட்டைப் பதிவு முறையை அறிவான். ஒரு கொடுக்கல் வாங்கலை வரவிலும் செலவிலும் பதிய வேண்டும். ஒன்றில் மட்டும் பதிந்தால் ஏடு பொய்யாகிவிடும். வங்கியொன்றின் தரவுத்தளத்தை இயக்கும் நிரலின் அடிப்படை விதியும் ஏறக்குறைய இதுவே: ஒரு கணக்கிற் கழித்துப் பணத்தை மறுகணக்கிற் சேர்க்குமுன் மின்சாரம் நின்றுவிட்டால், கழித்ததையும் இல்லாததாக்க வேண்டும். இதனை வர்த்தக மாணவனுக்கு விளக்க அரைமணி நேரம் போதும். வாங்குபவன் எங்கே தயங்குகிறான், எச்சொல்லைப் பிழையாக விளங்கிக்கொள்கிறான் என்று தெருத் தெருவாய்க் கண்டறிந்தவனது அனுபவமும் மென்பொருள் ஆக்கத்திற்கு வேண்டியதே. பயனாளரை ஒருநாளும் காணாத பொறியியலாளர் ஆக்கிய படிவங்களோடு மல்லாடுவோர் நம்மிற் பலர்.

வரலாறும் இப்பண்டிதர்களுக்குச் சாதகமாயில்லை. 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த பெண்கள் அறுவரும், அதற்குமுன் மேசையிலிருந்து கையாற் கணக்குப் போட்ட ஊழியர்கள். மென்பொருட் பொறியியல் என்ற பெயரே 1968இல் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த மாநாட்டினாலேதான் பரவலாயிற்று. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்க வான்படையின் பாதுகாப்புத் திட்டத்துக்கு நிரலாளர் பெருந்தொகையாகத் தேவைப்பட்டபோது, சிஸ்ரம் டெவலப்மென்ற் கோப்பரேசன் என்ற நிறுவனம் பற்பல துறையினரையும் உளச்சார்புப் பரீட்சை வைத்துத் தெரிந்தெடுத்துத் தானே பயிற்றிற்று. பயிலுங் காலத்தில் அவர்களுக்குச் சம்பளமும் இருந்தது. அந்நிறுவனம் யுத்த யந்திரத்தின் ஓர் உறுப்பு என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் இவ்வுண்மை கவனிக்கத்தக்கது: தொழிலாளி தேவைப்பட்டபோது, அவனை ஆக்கும் செலவை முதலாளி ஏற்றான்.

இன்றோ நிலைமை தலைகீழாயிற்று. கற்பவன் கடன்பட்டுக் கற்கிறான். கம்பனி கனிந்த பழத்தைப் பறிக்கிறது. இடையிலே பயிற்சி வியாபாரி கொழுக்கிறான். இவ்வியாபாரத்தின் தாயகமான அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். லம்டா ஸ்கூல் என்று தொடங்கிப் பின்னர் புளூம்ரெக் எனப் பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், தன்னிடம் கற்றோரில் 71 முதல் 86 வீதத்தினர் வேலை பெறுவதாக விளம்பரம் செய்தது. உண்மை வீதம் ஐம்பதை அண்மித்ததென்றும், சில அணிகளில் முப்பது வரை வீழ்ந்ததென்றும் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2024 ஏப்பிரலில் அறிவித்தது. வேலை கிடைத்தபின் வருமானத்திற் பங்கு தந்தாற் போதும் என்ற இனிய ஏற்பாடும் கடனே என்று அப்பணியகம் கண்டது. கடன் விற்ற வேலையை வெறுத்து ஓடிய இளைஞனுக்கு இங்கேயும் கடனே விற்கப்படுகிறது!

சான்றிதழ் பெற்றவன் சென்று சேரும் சந்தையும் ஒரே சீராயில்லை. 2022 நவம்பரில் மெற்றா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் மைக்ரோசொப்ற் 10,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. அதே 2022 நவம்பரில் வெளிவந்த சற் ஜீபீரீயும் அதன் வழிவந்தனவும், புதியவனுக்கென ஒதுக்கப்பட்டிருந்த சிறு நிரல்களைத் தாமே எழுதத் தொடங்கின. இதனால் நிரலாக்கம் செத்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. பிறர் எழுதிய நிரலை வாசித்துப் பிழை காண்பதும் சோதித்துப் பார்ப்பதும் இன்னும் மனிதனது வேலைதான். ஆனால் அத்திறன் ஆறு மாதத்தில் வருவதன்று. வேலையில் அமர்ந்து, மூத்தவரிடம் திருத்தம் பெற்று, ஆண்டுக்கணக்கில் வருவது. அந்த முதற்படியைத்தான் கம்பனிகள் இன்று பிடுங்குகின்றன. துண்டுப் பிரசுரத்தில் இதற்கு இடமில்லை.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலக்கை முடித்து இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புபவன் எத்தனை மணிக்குப் புத்தகத்தைத் திறப்பான்? அதே உத்தியோகத்தர் ஒரு பெண்ணாயின், அடுப்பும் பிள்ளையும் முடிந்தபின் அவளுக்கு மிஞ்சுவது தூக்கம் மட்டுமே. முயற்சி திருவினையாக்கும் என்று இவர்களுக்கு உபதேசிப்பவன், தன் சோற்றை வேறொருவர் ஆக்கித் தர உண்டவனாகவே இருப்பான்.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் நாடு இது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு முதல் நடத்தும் தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டத்துக்கு எப்பிரிவில் உயர்தரம் சித்தியெய்தியவரும் சேரலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் நிரலாக்கப் பாடங்களை இணையவழி இலவசமாகத் தருகிறது. பொதுத்துறைக்கு இது இயலாத காரியமன்று என்பதற்கு இவையே அத்தாட்சி. ஆயின் அப்பட்டப் படிப்பு ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. தமிழில் உயர்தரம் வரை கற்றவன் நிரலோடு மொழியையும் சேர்த்து மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. தமிழில் நல்ல பாடநூல்கள், மாவட்டந்தோறும் மாலை வகுப்புகள், பயிலுங் காலத்தில் உதவிப் பணம், பயிலுநரைச் சம்பளத்தோடு அமர்த்தும் கடப்பாடு கம்பனிகளுக்கு: இவையே இன்று எழுப்ப வேண்டிய கோரிக்கைகள். மென்பொருள் ஊழியனும் தொழிலாளியே என்பதை அவன் ஒப்புக்கொள்ளத் தயங்கினும், தொழிற்சங்கம் அவனுக்கும் வேண்டும். இல்லையேல், தவணை அறவிட்ட நம் மாணவன் நாளை அத்தவணையை நினைவூட்டி மிரட்டும் செயலியை எழுதும்படி பணிக்கப்படுவான்; மறுப்பதற்கு அவனுக்கு வலு இராது.

துண்டுப் பிரசுரத்தைக் கையிற் பிடித்தபடி மாணவர் ஆலோசனை கேட்டு ஆசிரியரிடம் வருகின்றனர். ஊக்கமொழி கூறுமுன் அந்நிலையத்தாரிடம் சில கேள்விகளை எழுத்திற் கேட்கச் செய்யுங்கள். சென்ற ஆண்டு சேர்ந்தோர் எத்தனை பேர், முடித்தோர் எத்தனை பேர், அவர்களுள் நிரல் எழுதும் வேலையில் அமர்ந்தோர் எத்தனை பேர், என்ன சம்பளத்தில்? இடையில் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும்? பதில் எழுத்திலே வரும்வரை ஒரு சதமேனும் கட்ட வேண்டாம்.