பத்திரத்தில் எழுத வேண்டிய பள்ளம்

புரட்டாசி முடியும் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாம்பரம் பக்கத்துச் சேலையூரில் என் வீட்டு முன்பக்கப் பள்ளத்தில் மண்வெட்டியோடு இறங்குவேன். வயது அறுபத்தெட்டு. நடைப்பயிற்சி போகிறவர்கள் நின்று, “என்ன மேடம், செடி வைக்கிறீங்களா?” என்பார்கள். “இல்லைங்க, மண்ணு எடுக்கிறேன்” என்றால் சிரித்துக்கொண்டே போவார்கள். தோட்டம் என்றால் மண் போடுவதும் எரு போடுவதும்தான் நமக்குத் தெரியும். மழைத் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் தோட்டத்துக்கு வேலையே தலைகீழ். அது ஏரி மாதிரி. தூர் வாராவிட்டால் மேடாகிவிடும்.

இதை நான் கற்றுக்கொள்ளப் பன்னிரண்டு வருஷம் ஆனது. 2003-இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அன்றைய ஜெயலலிதா அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 31 கெடு. செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்றது சட்டம். தெருவே கல்யாண வீடு போல ஆனது. ஒரு வாசலில் ஜல்லி வண்டி, அடுத்த வாசலில் உறை வண்டி. தொலைபேசித் துறையில் லீவு சொல்லிவிட்டு நான் வீட்டில் நின்றேன். மூன்றடிக்கு மூன்றடி, ஐந்தடி ஆழத்தில் ‘பிட்’ என்கிற குழி தோண்டி, மாடிக் குழாயை அதில் இறக்கி, ஜல்லி நிரப்பி, சிலாப் போட்டு மூடினார்கள். “ஆயுசுக்கும் தொட வேண்டாம்மா” என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு போனார் வேலை செய்தவர். நாங்களும் தொடவில்லை.

2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. எங்கள் ஹாலில் முழங்கால் வரை தண்ணீர். வடிந்த பிறகு, அந்த பிட் என்னதான் செய்தது என்று பார்க்க இரண்டு ஆட்களை வைத்து சிலாபைத் தூக்கினோம். ஜல்லியைக் காணோம். மாடித் தூசி, வேப்பிலைச் சருகு, காக்கை போட்ட எலும்பு எல்லாம் சேர்ந்து அல்வா பதத்தில் இறுகிக் கிடந்தது. ஒரு குடம் ஊற்றிப் பார்த்தேன். மறுநாளும் அது அப்படியே நின்றது.

சரியான மழைக்கு எந்தப் பள்ளமும் ஈடுகொடுக்காது என்பது கணக்குப் போட்டாலே தெரியும். ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனையில் 49 செ.மீ. மழை என்றால் சுமார் 1,09,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி ஒன்பது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதெல்லாம் அப்படிப்பட்ட மழை இல்லை. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் பெய்தால் 930 லிட்டர். அதை வாசலிலேயே வாங்கி இறக்கிவிட முடியும். முடியாத மழைக்கு வழிந்தோட ஒரு குழாய் வைத்தால் போதும்.

அப்படித்தான் பழைய பிட் இருந்த இடத்தில் பத்தடிக்கு ஆறடியில் ஒரு பாத்தி எடுத்தோம். சுற்றியுள்ள தரையைவிட முக்காலடி தாழ்வு. அடியில் ஜல்லி, மேலே மணலும் மக்கிய எருவும் கலந்த மண். குழாய் வாயில் மண் பறியாமலிருக்க நாலு கருங்கல். நடுவில் வெட்டிவேர், ஓரத்தில் கல்வாழை. வெட்டிவேர் பக்கவாட்டில் படராது, நேராக ஆழத்துக்குப் போகும், போகிற வழியில் தண்ணீருக்கும் வழிவிடும். எங்கள் பக்கத்து மண்ணுக்கு அது தேவை. பல்லாவரம் மலைக் கல்லுக்கு ‘சார்னகைட்’ என்று புவியியலில் பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் வந்த பெயர். அந்தப் பாறைதான் இந்த வட்டாரம் முழுக்க அடியில் இருக்கிறது. தண்ணீர் தங்க இடம் மேலே உள்ள சிதைந்த மண்ணும் பாறை வெடிப்பும்தான். தண்ணீர் அங்கே இறங்கும் வாயையும் சேறு அடைத்துவிட்டால் போர்வெல்லுக்கு ஒன்றும் கிடைக்காது.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. மழைக்கு முன் மாடியைப் பெருக்க வேண்டும். முதல் மழைத் தண்ணீரைப் பாத்திக்குள் விடாமல் வெளியே திருப்ப வேண்டும். குழாய் வாயில் படிந்த வண்டலை வழித்து, மேல்மண்ணில் ஏடு கட்டியிருந்தால் கொத்திவிட வேண்டும். வெட்டிவேரை ஓரடி விட்டு அரிய வேண்டும். மழை விட்ட மறுநாள் தண்ணீர் இறங்கிவிட்டதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவையும் ஒரு வருஷம் நான் செய்யவில்லை. முழங்கால் அறுவை சிகிச்சை, மூன்று மாதம் படுக்கை. அந்த மழைக்காலத்தில் பாத்தியில் நாலு நாள் தண்ணீர் நின்றது. “அக்கா, கொசு வருது, மூடிடுங்க” என்றார் பக்கத்து வீட்டுப் பெண். அவர் சொன்னதில் தப்பில்லை. கொசு முட்டை பொரிந்து பறக்க ஒரு வாரம் போதும். இரண்டு நாளில் வடிகிற பாத்தியில் கொசு வளர முடியாது, வடியாத பாத்தியில் வளராமல் இருக்காது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கொத்துக்கரண்டி வேலை. ஆள் வைத்துக் கொத்திவிட்ட பிறகு அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே என் புகார் சட்டத்தின் மேல் இல்லை. நல்ல சட்டம் அது. ஆனால் அது கட்டச் சொன்னது, கட்டியதைக் கவனிக்க ஒரு நாள் குறிக்கவில்லை. வரைபட அனுமதியின்போது ஒரு முறை பார்ப்பதோடு சரி. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு நாம் குடத்தோடு லாரிக்கு நின்றபோது, எங்கள் தெருவில் எத்தனை பிட் உயிரோடு இருந்தன என்று யாரும் மூடியைத் தூக்கிப் பார்க்கவில்லை.

கட்டியதைக் கவனிப்பது தமிழ்நாட்டுக்குப் புதுப் பாடம் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலையைப் பற்றித்தான் பெருமையாகப் பேசுகிறோம். அந்த ஓலையில் தேர்ந்தவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்பதை விட்டுவிடுகிறோம். அவற்றில் ஒன்று ஏரி வாரியம். ஏரியை வெட்டியவனுக்குப் பெயர் கிடைக்கும். ஆனால் அதை வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள ஊர் பொறுப்பாளரை வைத்தது. இன்று சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளுக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு வீட்டுக் கூரைகளையும் பேவர் பிளாக் போட்ட வாசல்களையும் தாண்டித்தான் வருகிறது. நீர்ப்பிடிப்புப் பகுதி பட்டா நிலமாகிவிட்டது, வாரியம் மட்டும் வரவில்லை.

தாம்பரம் மாநகராட்சிக்கு ஒரு யோசனை சொல்கிறேன். சொத்துவரியை அக்டோபரிலேயே கட்டினால் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அதே அக்டோபரில்தான். தூர் வாரிய பிட்டின், பாத்தியின் புகைப்படம் ஒன்றைச் சேர்த்து அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு சதவீதம் கொடுங்கள். பத்து வீட்டுக்கு ஒரு வீடு நேரில் பாருங்கள். பொய்ப் படம் வந்தால் சலுகையைத் திரும்ப வாங்குங்கள். புதிதாக ஆள் வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம்.

இன்னொன்று பதிவுத் துறைக்கு. வெளியூரில் இருக்கும் என் மகன் கார் நிறுத்த இடம் கேட்கிறான். “உனக்கப்புறம் யாரும்மா இதுல இறங்கி மண்ணு எடுப்பா?” என்கிறான். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் போர்ட்லண்டில் தனியார் மனையில் இப்படிப் பாத்தி அமைத்தால், பராமரிப்புப் பொறுப்பைச் சொத்து ஆவணத்தோடு பதிவுசெய்கிறார்கள். வீடு கை மாறினால் பொறுப்பும் மாறும். நம் பத்திரம் மட்டும் லேசுப்பட்டதா? கிணறு, மரம், வழிநடைப் பாத்தியம் என்று ஒன்று விடாமல் எழுதுகிற பத்திரம் அது.

போன மாதம் மகன் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதப் போனேன். நாற்சீமை முடிந்து, கிணறு, தென்னை மரம் இரண்டு என்று வரும் இடத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். பத்திரம் எழுதுபவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு எழுதினார்: ‘முன்புறம் மழைநீர்ப் பாத்தி ஒன்று, ஆண்டுக்கு ஒரு முறை தூர் வாரத் தக்கது.’