கட்சிப் புத்தகமும் குடும்பக் கலகமும்

தகப்பன் ஒரு கட்சி, மகன் வேறு கட்சி என்றால் வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை. பெரியவர்களின் கோபம் பிள்ளையின் கையிலிருக்கும் புத்தகத்தின் மீது பாய்கிறது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டால் பிள்ளை திருந்திவிடுவான் என்பது அவர்கள் எண்ணம். இது வீண் எண்ணம் என்றே நாம் கருதுகிறோம்.

இங்கிலாந்தில் ரெடெஸ்டேல் பிரபுவின் குமாரத்திகளான யூனிட்டியும் ஜெஸிகாவும் 1930-களில் ஓர் அறையை இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருபுறம் ஸ்வஸ்திகச் சின்னம். மறுபுறம் அரிவாளும் சுத்தியலும். யூனிட்டி ஜெர்மனிக்குச் சென்று ஹிட்லரின் கோஷ்டியில் சேர்ந்தாள். மூத்தவளான டயானா 1936-ல் பெர்லினில், கோயபல்ஸின் வீட்டில், பிரிட்டிஷ் பாஸிஸ்டுத் தலைவர் மோஸ்லியை மணந்தாள். அந்தக் கலியாணத்துக்கு ஹிட்லரும் வந்திருந்தான். ஜெஸிகாவோ 1937-ல் வீட்டைத் துறந்து, பிராங்கோவை எதிர்த்துப் போராடிய ஸ்பெயினுக்கு ஓடினாள்.

'அக்காள் தங்கைக்குள் அபிப்பிராய பேதம் சகஜந்தானே' என்று இதைப் பூசி மெழுக நாம் தயாராயில்லை. ஹிட்லரை ஆதரிப்பது ஓர் அபிப்பிராயமன்று. அது கொலைக்கு உடந்தை. ஜெஸிகா பிரிந்தது நியாயமே. யூனிட்டியின் மீது அவளுக்கிருந்த பாசம் மட்டும் அற்றுப்போகவில்லை என்பது வேறு விஷயம்.

அந்நாளில் அங்கே கட்சிப் புத்தகங்களுக்கு அபாரமான கிராக்கி. விக்டர் கோலன்ஸ் 1936-ல் துவக்கிய இடதுசாரிப் புத்தகக் கழகம் மாதம் ஒரு நூலை இரண்டரை ஷில்லிங்குக்குக் கொடுத்தது. மூன்றே வருஷத்தில் அங்கத்தினர் ஐம்பதினாயிரத்தைத் தாண்டினர். மறு வருஷமே வலதுசாரிகளுக்கும் ஒரு புத்தகக் கழகம் கிளம்பியது. வீட்டில் அதட்டலுக்கு வாயடைத்துப்போன வாலிபனுக்கு இத்தகைய புத்தகம் ஒரு வக்கீலாக வாய்க்கிறது. அவன் திக்கித் திணறியதை அது கோவையாக எடுத்துரைக்கிறது. இந்த ருசியை நாம் குறை கூறுவதற்கில்லை. பத்திரிகை நடத்தும் நாமும் ஒருவகையில் அதே சரக்கை விற்பவர்கள்தாம்.

ஆனால் வக்கீலின் வழக்கம் நமக்குத் தெரியும். தன் கட்சிக்குப் பாதகமான சாட்சியத்தை அவன் தொடவே மாட்டான். கோர்ட்டில் இதனால் கேடில்லை. எதிர் வக்கீல் இருக்கிறார், மேலே நீதிபதியும் இருக்கிறார். தனியே விளக்கடியில் படிப்பவனுக்கு யார் இருக்கிறார்கள்? ஹிட்லரைப் பற்றி அந்தக் கழகம் எச்சரித்தது மெய். ஸ்டாலினைப் பற்றி வாய் திறக்காததுதான் குற்றம். மாஸ்கோ வழக்கு விசாரணையை நியாயமென்று சாதித்த நூலொன்றை அது 1937-ல் வெளியிட்டது. அதே வருஷத்தில் ஜார்ஜ் ஆர்வெல் ஸ்பெயினிலிருந்து மீண்டார். அங்கே கம்யூனிஸ்டுகள் தங்களோடு தோள் நின்ற மற்ற இடதுசாரிகளையே வேட்டையாடியதை அவர் எழுதவிருந்தார். அவருடைய முந்திய நூலைக் கழகத்தின் மூலம் பரப்பிய கோலன்ஸ், இந்த நூல் எழுதி முடியுமுன்பே அதை ஏற்க மறுத்துவிட்டார். வேறொருவர் 1938-ல் வெளியிட்டார்.

இந்த இடத்திலேதான் குடும்பம் உதவியிருக்கலாம். புத்தகம் மறைத்ததைக் கூறும் எதிர் வக்கீலாகத் தந்தை நின்றிருக்கலாம். ரெடெஸ்டேல் பிரபு கம்யூனிஸத்தைத் திட்டாத நாளில்லை; அந்தத் திட்டில் உண்மையும் கொஞ்சம் இருந்தது. ஆயினும் ஹிட்லரைப் புகழ்ந்த அதே வாயிலிருந்து வந்ததை மகள் எப்படி நம்புவாள்? தம் கட்சியின் தவறு ஒன்றையேனும் மேஜையின் முன் ஒப்புக்கொண்டிருந்தால், ரஷ்யாவைப் பற்றி அவர் சொன்னதற்கும் ஒரு மதிப்பு இருந்திருக்கும். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஜெஸிகா கம்யூனிஸ்டுக் கட்சியை விட்டு விலக 1958 வரை ஆயிற்று.