சின்னக் கீறலோடு ஊருக்குப் போகலாமா?

பொங்கல் நெருங்கிவிட்டால் பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் பெட்டியும் பையுமாக ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். தருமபுரிக்கும் சேலத்துக்கும் திருவண்ணாமலைக்கும் போகிற கூட்டம் அது. முன்பெல்லாம் பிள்ளைகளையும் துணி மூட்டையையும் கவனித்துக்கொண்டால் போதும். இப்போது லைன் வீடுகளில்கூட நாய் வளர்க்கிறார்கள். அதுவும் ஊருக்கு வருகிறது.

அழைத்துப் போவதில் தவறில்லை. நாலு நாளைக்குப் பூட்டிய கதவருகே கட்டிப்போட்டு, அடுத்த வீட்டு அம்மா சோறு வைப்பார் என்று போவதுதான் தவறு. ஆனால் ரயில்வே விதியை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்லீப்பரிலும் இரண்டாம் வகுப்பிலும் நாய்க்கு அனுமதி இல்லை. முதல் வகுப்பு ஏ.சி.யில் தனி அறை முழுவதையும் பதிவு செய்பவர்தான் கூடவே வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பார்சல் அலுவலகத்தில் பதிந்து, கார்டு வண்டிக் கூண்டில் ஏற்ற வேண்டும். லேத் பட்டறைச் சம்பளத்துக்கு எது கட்டுப்படியாகும் என்று சொல்லத் தேவையில்லை.

கூண்டு, கூட்டம், இரைச்சல் எல்லாம் சேர்ந்தால் செல்லமாக வளர்த்த நாயும் மிரளும். ஏற்றும்போது கையைக் கீறும். சில சமயம் கடிக்கும். "நம்ம நாய்தானே, ஒண்ணும் ஆகாதுப்பா" என்று மஞ்சள் பொடியை அப்பிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள் பலர். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வெறிநாய்க்கடி நோய் கண்டுவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. வருமுன் தடுப்பதோ எளிது. காயத்தைக் குழாய் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைச் சிதைத்துவிடும். மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் கூடாது. அடுத்த வேலை அரசு ஆஸ்பத்திரிக்குப் போவது. ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. ரத்தம் வந்தால் காயத்திலேயே போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும்.

பட்டறைத் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இரும்புப் பிசிறு கிழித்த கையை நாய் நக்கினாலும் அது கடிக்குச் சமம்தான்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இன்னும் போகவில்லை. அந்த மருந்தின் உற்பத்தி 2004-லேயே இந்தியாவில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது அரசு ஆஸ்பத்திரிகளில் தோலில் போடும் ஊசிக்கு முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள் என்று நான்கு தடவை போனால் போதும். ஜனவரி 11-ல் முதல் ஊசி போட்டால் அடுத்தது 14, பிறகு 18, கடைசி பிப்ரவரி 8. இரண்டாவது ஊசி சரியாகப் பண்டிகையில் வந்து விழுகிறது. "திரும்பி வந்து போட்டுக்கலாம்" என்று நினைப்பது விபரீதம். ஊசிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் தாலுகா ஆஸ்பத்திரியில் தொடரலாம். பொங்கலன்றும் அவசரப் பிரிவு உண்டு.

கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கவும் வேண்டும். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. நாய் ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டால் யார் கண்காணிப்பது? சங்கிலி அவசியம். நாய்க்கு மூன்று மாத வயதில் தடுப்பூசி, பிறகு ஊக்க ஊசி, வருடா வருடம் மறு ஊசி என்று போட வேண்டும். முதன்முறை போடுவதைப் பயணத்துக்கு முதல் நாள் வைத்துக்கொண்டால் பலனில்லை. எதிர்ப்புச் சக்தி உண்டாகச் சில வாரம் பிடிக்கும்.

நாய்க்கே காலில் முள்ளோ கண்ணாடியோ குத்தினால் வாயைத் துணியால் கட்டிவிட்டுத் தொடுவது நல்லது. சுத்தமான நீரில் கழுவிக் கட்டுப் போடலாம். நமக்கு வாங்கிய வலி மாத்திரையை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள். சில மாத்திரைகள் அதற்கு விஷம்.

நான்கு தடவை ஆஸ்பத்திரி போனால் நான்கு அரைநாள் கூலி போகும் என்று காண்டிராக்ட் தொழிலாளி கணக்குப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊசிச் சீட்டைக் காட்டினால் கூலி பிடிக்காமல் இரண்டு மணி நேர அனுமதி தருவது எந்தப் பட்டறை முதலாளிக்கும் பெரிய நஷ்டமல்ல.