கொல்லுப்பட்டறைக்கும் ஓர் இடம் வேண்டும்

சிவாஜிநகர் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் கிடைக்காத சாமான் இல்லை என்பார்கள். ஜன்னலுக்கு ஒரு கொக்கி வாங்கப் போன நான், சென்ற மாதம் அங்கே ஒரு கம்பியைப் பார்த்து நின்றுவிட்டேன். ஆறு பட்டை, நடுவில் மெல்லிய துவாரம், ஒரு முனை மழுங்கிச் சிதைந்திருந்தது. "கடப்பாரைத் துண்டு சார், கிலோ கணக்குத்தான்" என்றார் கடைக்காரர். கடப்பாரையில் துவாரம் ஏது? அது பாறையைத் துளைக்கும் டிரில் கம்பி. தூசி பறக்காமலிருக்க அந்தத் துவாரம் வழியாகத் தண்ணீர் பாயும். கல்குவாரிகளிலும் இதே கம்பிதான். ஆனால் எனக்கு நினைவு வந்தது கோலார் தங்கவயல்.

என் தாத்தா அங்கே கொல்லுப்பட்டறையில் சம்மட்டி அடித்தவர். கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். வடஆற்காட்டுக் கிராமத்தில் உலைக்களத்துக்குள் காலெடுத்து வைத்திருக்க முடியாது. தங்கவயலில் சம்மட்டி பிடிக்கத் தெரிந்தவன் ஆள், அவ்வளவுதான். நாலைந்து வருஷத்தில் அவரே உலைக்கு முன்னால் குறடு பிடித்து நின்றார்.

1880ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம் போயிற்று. சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள். இதெல்லாம் பலரும் எழுதிவிட்ட கதை. அந்த ஆழத்துக்கு முதல் துளையைப் போட்ட கம்பியின் முனை எங்கே தீட்டப்பட்டது என்றுதான் யாரும் கேட்பதில்லை.

தங்கம் இருக்கும் வெள்ளைக்கல் சாமானியமான கல் அல்ல. சிறிது தூரம் துளைப்பதற்குள் முனை மழுங்கிவிடும். மழுங்கிய கம்பிகளைக் கட்டி மேலே அனுப்புவார்கள். பட்டறையில் காய்ச்சி அடித்து, முனை திருத்தி, தோய்ச்சல் வைத்து மறுபடி கீழே அனுப்ப வேண்டும். ஒரே துளைக்குப் பல கம்பிகள் வேண்டும். முதலில் குட்டைக் கம்பி, பிறகு நீளமானது, பிறகு அதைவிட நீளமானது. ஒவ்வொன்றின் முனையும் முந்தியதைவிட மயிரிழை சிறியதாக இருக்க வேண்டும். அந்த அளவு தவறினால் அடுத்த கம்பி துளைக்குள் சிக்கிக்கொள்ளும். தோய்ச்சல் அதிகமானால் முனை உடையும், குறைந்தால் மழுங்கும். தாத்தாவிடம் தெர்மாமீட்டர் இல்லை. சூடேறிய இரும்பில் முதலில் வைக்கோல் நிறம் ஓடும், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். எந்த நிறத்தில் தண்ணீரில் விடுவது என்பதைக் கண் சொல்லும். வெயிலில் நிறம் தெரியாது என்பதால்தான் பட்டறையை எப்போதும் இருட்டாக வைத்திருப்பார்கள் என்று சொல்வார். சின்ன வயதில் நான் அதை சோம்பேறித்தனம் என்று நினைத்ததுண்டு!

இரண்டாவது உலகப் போருக்குப் பின் டங்ஸ்டன் கார்பைடு முனைகள் உலகச் சுரங்கங்களுக்கு வந்தன. அதற்கு உலை வேண்டாம், சாணைக்கல் போதும். தாத்தாவின் பட்டறையில் பாதி வேலை போயிற்று. பிறகு டிராலிக்குக் கொக்கி, கதவுக்குக் கீல், மண்வெட்டி என்று செய்தார்கள். 2001 பிப்ரவரி 28ல் சுரங்கமே மூடப்பட்டது. என் தந்தை வேலையிழந்தார். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன்.

இன்று கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மாரிக்குப்பம் வண்டி வந்து நிற்கும்போது பாருங்கள். சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகளும் பேரன்களும்தான் இறங்கி ஓடுகிறார்கள். 'இவர்களுக்கு வேலை கேட்பதை விட்டுப் பழைய பட்டறைக்கு மனு எழுதுகிறாயா?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. வேலைதான் முதலில் வேண்டும். அதில் எனக்கு வேறு கருத்தில்லை. ஆனால் 2024ல் அங்கேயுள்ள 13 சயனைடு மேடுகளில் மிச்சத் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. மண்ணுக்குள் மிச்சமிருக்கும் தங்கத்துக்குக் கணக்குப் போடுகிறவர்கள், மண்ணுக்கு மேல் மிச்சமிருக்கும் இரும்புக்கும் ஒரு கணக்கெடுக்கக் கூடாதா? லாரிகளும் யந்திரங்களும் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை. பழைய சாமான் என்று ஒருமுறை எடைபோட்டுவிட்டால் பட்டறைக்கல் எது, தண்டவாளத் துண்டு எது என்று யாருக்குத் தெரியும்?

மத்திய, மாநில அரசுகளிடம் கேட்பது பெரிய மாளிகையல்ல. ஓர் உலை, ஒரு துருத்தி, ஒரு பட்டறைக்கல், குட்டையிலிருந்து நெட்டை வரை ஒரு வரிசைக் கம்பி, அவற்றுக்கு ஒரு கூரை. எந்தக் கம்பி எதற்கு என்று சொல்லக்கூடிய முதியவர்கள் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும், ஏன் நம் சிவாஜிநகர்ச் சந்துகளிலும் இருப்பார்கள். அவர்கள் வாய்மொழியைத் தமிழிலும் கன்னடத்திலும் பதிவு செய்ய நாலு மாணவர்களை அனுப்பினால் போதும். என் தாத்தாவிடம் கேட்கும் வயது எனக்கு வந்தபோது அவர் இல்லை.

அந்தக் கம்பியை வாங்கிவிட்டேன். கடப்பாரை விலைதான் போட்டார். கொக்கி வாங்க மறந்துபோயிற்று.